தரகின் வரலாறும் தமிழர் சேமிப்பும்

உழைத்துத் தேடிய பொருளைக் காப்பது, தேடுவதினும் அரிய செயலாகும். தேடும்போது உடல் தேய்கிறது. காக்கும்போது அறிவு விழித்திருத்தல் வேண்டும். நம்மவருள் உடல் தேய உழைத்தோர் மிகப் பலர். உழைத்துப் பெற்ற காசு தம் கையினின்றும் எவ்வழியே நழுவிற்று என்று கணக்குப் பார்த்தோர் மிகச் சிலர். கள்ளுக்கடையில் ஒழிந்ததை நாம் அறிவோம். வட்டிக்கடையில் மூழ்கியதையும் அறிவோம். ஆனால் நூற்றுக்கு ஒன்று, நூற்றுக்கு ஒன்றரை என ஆண்டுதோறும் ஓசையின்றிக் கழிந்த பொருளை இன்னும் அறிந்தோமில்லை. அக்கழிவுக்குத் தரகு என்று பெயர். அதன் வரலாற்றை ஜொகூர் மண்ணில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மையில் மாசாய் நகரில் ஓர் இளைஞரைக் கண்டோம். அவர்தம் பாட்டனார் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டியவர். தந்தையார் பாசிர் கூடாங் துறைமுகத்தில் சுமை ஏற்றியவர். இவரோ நாள்தோறும் விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். மலேசியக் கணக்கில் மாதம் 500 வெள்ளி மிச்சம் பிடிக்கிறார். அதனை உலகப் பங்குச் சந்தையைப் பின்பற்றும் குறியீட்டு நிதியொன்றில் இட்டு வைக்க எண்ணி, கோலாலம்பூர்த் தரகர் ஒருவர், சிங்கப்பூர்த் தரகர் ஒருவர், அமெரிக்கத் தரகர் ஒருவர் ஆகிய மூவருடைய கட்டண அட்டவணைகளையும் நம்முன் விரித்து, "ஐயா, இவற்றுள் மலிவானது எது?" என்று வினவினார். வினா எளிதாகத் தோன்றிற்று. அட்டவணைகளைப் படிக்கப் படிக்க, விடை எளிதன்று என்பது புலனாயிற்று. அவர்க்குக் கூறிய விடையையே விரித்து இங்கு எழுதுகின்றோம்.

முதற்கண் குறியீட்டு நிதி என்பது யாது? ஒரு சந்தையிலுள்ள பங்குகளை, அச்சந்தையின் குறியெண் காட்டும் விகிதப்படியே வாங்கி, வாளாவைத்திருப்பது குறியீட்டு நிதி. எந்தக் கம்பெனி ஏறும், எது இறங்கும் என்று அங்கே எவரும் ஆரூடம் பார்ப்பதில்லை; இன்று வாங்கி நாளை விற்பதுமில்லை. ஆரூடக்காரன் இல்லாத இடத்தில் ஆரூடக் கூலியும் இல்லை. இந்நிதியின் சிறப்பெல்லாம் செலவின் சிறுமையிலேயே அடங்கியிருக்கிறது. ஆதலின் இந்நிதியைத் தேர்ந்துகொண்டு தரகைக் கவனியாது விடுவோன், ஓட்டைச் சாலில் நீர் இறைப்போனை ஒப்பான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1909-ஆம் ஆண்டில் ஜொகூரின் ஊடே இருப்புப்பாதை சென்றது. பாதையின் இருமருங்கிலும் காடு அழிந்து ரப்பர்த் தோட்டம் எழுந்தது. 1910-ஆம் ஆண்டில் லண்டன் சந்தையில் ரப்பர் விலை இராத்தலுக்கு 12 ஷில்லிங்கைக் கடந்தது. 2 ஷில்லிங் முகமதிப்புள்ள ரப்பர்ப் பங்குகளை லண்டன் எழுத்தரும் கடைக்காரரும் முண்டியடித்து வாங்கினர். அப்பங்குகளுக்கு மதிப்பைத் தந்த மரத்தை விடியற்காலையில் வெட்டியவர் தமிழர். அவர்க்கு அப்பங்கில் பங்கில்லை. பங்கு என்றொன்று உண்டென்பதும் தெரியாது.

அவர் அறிந்த இடைக்கை கங்காணியின் கை. தன் கீழுள்ள ஆள் ஒருவர் வேலைக்கு வந்த நாளொன்றுக்கு ஓரிரு காசு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்து வந்தது. அது முதலாளி கொடுத்ததன்றோ, தொழிலாளி கொடுத்ததில்லையே என்று சிலர் கூறுவர். தோட்டத்தின் செலவுக் கணக்கிலே கூலியும் தலைக்காசும் அடுத்தடுத்து நிற்பவை. ஒன்றுக்கு ஒதுக்கிய காசு மற்றொன்றுக்குக் கிட்டுவதில்லை. நாட்கூலி 50 காசாக இருந்த காலத்தில் தலைக்காசு 2 என்று கொண்டால், நூற்றுக்கு நான்கு ஆகிறது. இந்த நான்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் அது வேறு பெயருடன் திரும்பி வரும். 1938-ஆம் ஆண்டில் உதவிபெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு தடை செய்தது; கங்காணி ஆள் திரட்டும் முறையும் அத்துடன் முடிந்தது.

லண்டனிலிருந்த பங்குதாரரும் இடைக்கைக்குத் தப்பினாரல்லர். தோட்டக் கம்பெனிகள் பலவற்றை நடத்தி வந்தவை கத்ரி, ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு போன்ற ஏஜென்சி நிலையங்கள். செயலர் வேலைக்கு ஒரு கட்டணம், சரக்கு வாங்கிக் கொடுப்பதற்கு ஒரு கழிவு, ரப்பரை விற்றுக் கொடுப்பதற்கு மற்றொரு கழிவு என அவை பெற்று வந்தன. விலை வீழ்ந்து பங்குதாரர்க்கு ஈவு இல்லாத ஆண்டிலும் ஏஜென்சியின் கட்டணம் நிற்கவில்லை. சொத்து உடையவன் நட்டமடையினும் இடைநின்றவன் நட்டமடைவதில்லை என்னும் உண்மை ஜொகூர்த் தோட்டங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. வெட்டியவரும் அதனைப் படிக்கவில்லை. பங்கு வாங்கியவரும் நெடுநாள் படிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நம்மவர் சேமிப்புக்கு இரண்டு வழிகள் பிறந்தன. 1951-ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி தோன்றிற்று. தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் பணம், இடைத்தரகரின்றி முதுமைக்குச் சேர்ந்தது. மற்றொன்று நம்மவர் தாமே படைத்தது. 1950-களில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். துண்டான தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை. குடியிருந்த வீடும் இல்லை. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். இந்நிலையில் 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்று தோட்டந்தோறும் சென்று கூறினார். பால்வெட்டியவரின் பத்து வெள்ளிகள் ஒன்று திரண்டன. 1961-ஆம் ஆண்டில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. சிறு காசு திரண்டால் பெருஞ்சொத்தை வாங்கும் என்பதை நம்மவர்க்குக் காட்டிய நிகழ்ச்சி அது. பலர் காசைத் திரட்டிப் பல சொத்தில் பரப்புதல் என்னும் இன்றைய நிதிகளின் அடிப்படையில் பாதியை நம் பாட்டன்மார் அன்றே கண்டுவிட்டனர்.

மற்றப் பாதியைக் காண மேல்நாடு செல்ல வேண்டும். 1792-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் நியூயார்க் நகரத்துத் தரகர் 24 பேர் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நூற்றுக்குக் காலுக்குக் குறைந்த தரகில் எவருக்கும் வாங்கி விற்பதில்லை என்பது அதன் சாரம். நியூயார்க் பங்குச் சந்தைக்கு வித்து அதுவே. தரகர் தமக்குள் போட்டியிடாமல், கட்டணத்தை ஒரே அளவில் நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அன்று தொடங்கி 183 ஆண்டுகள் நீடித்தது. 1975-ஆம் ஆண்டு மே முதல் நாள் அமெரிக்க அரசு நிலைத்த தரகை ஒழித்தது. லண்டனில் 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் அதே மாறுதல் நிகழ்ந்தது.

தரகு ஒருபுறம் குறைய, நிதியின் செலவும் மறுபுறம் குறையலாயிற்று. ஜான் போகிள் என்பவர் 1975-ஆம் ஆண்டில் வேன்கார்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே பொதுமக்கள் வாங்கத்தக்க குறியீட்டு நிதியொன்றை வெளியிட்டார். 15 கோடி டாலர் திரளும் என்று எதிர்பார்த்தனர். திரண்டதோ 1 கோடியே 13 இலட்சம். 'போகிளின் பேதைமை' என்று சந்தைக்காரர் நகைத்தனர். நகைத்தோர்க்குக் காலம் விடை கூறிற்று. 2008-ஆம் ஆண்டில் வாரன் பபெட், குறியீட்டு நிதியே வெல்லும் என்று பந்தயம் கட்டினார். ஒன்பதாம் ஆண்டு முடிவில் அந்நிதி ஆண்டுக்குச் சராசரி நூற்றுக்கு 7.1 வளர்ந்திருந்தது, எதிர்த்தரப்பார் தேர்ந்தெடுத்த, பெருங்கட்டணம் பெறும் நிதிகளின் சராசரி 2.2 மட்டுமே. அறிவில் குறைந்தோர் அந்நிதிகளை நடத்தவில்லை. அவர்தம் கூலியும், அவர்க்குமேல் இருந்தோர் கூலியும் வளர்ச்சியைத் தின்றன.

நம்மவர் இக்காலத்தில் யாது செய்தனர்? 1984-ஆம் ஆண்டில் மாய்க்கா ஹோல்டிங்ஸ் என்னும் இந்தியர் முதலீட்டுக் கம்பெனிக்கு ஏறக்குறைய 66,000 பேர் சேர்ந்து 10 கோடியே 60 இலட்சம் வெள்ளி கொடுத்தனர். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியோரும் இருந்தனர். எதிர்பார்த்த ஆதாயம் கிட்டவில்லை. 2010-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாக வெளியார் ஒருவர் முன்வந்தபோது, இருபத்தாறு ஆண்டு காத்திருந்தோர் அதையேனும் பெறுவோம் என்னும் நிலைக்கு வந்திருந்தனர். யார்மீதும் பழி கூற நாம் இதனை எழுதவில்லை. எல்லாச் சேமிப்பையும் ஒரே கம்பெனியில் வைத்தல் எத்தகைய துன்பம் தரும் என்பதற்கு இஃது ஒரு சான்று. காசைத் திரட்டக் கற்றோம்; பரப்பக் கற்றோமில்லை.

மற்றொரு பாடம் பாலத்தின் இருகரையிலும் நிகழ்ந்தது. ஒன்றாயிருந்த பங்குச் சந்தை 1973-ஆம் ஆண்டில் கோலாலம்பூர், சிங்கப்பூர் என இரண்டாயிற்று. பின்னர் மலேசியக் கம்பெனிகள் சிங்கப்பூர்ப் பட்டியலினின்றும் நீங்கின. எனினும், 1990-ஆம் ஆண்டு முதல் 'கிளாப்' என்னும் தனிச்சந்தையில் அவற்றின் பங்குகள் சிங்கப்பூரில் விற்று வந்தன. 1998 செப்டம்பரில் நாணயக் கட்டுப்பாடு வந்தபோது, அவ்விற்பனையை மலேசியா ஏற்கவில்லை. ஏறக்குறைய 1 இலட்சத்து 72 ஆயிரம் பேருடைய பங்குகள் ஒரே நாளில் உறைந்து நின்றன. அவை வாங்கினோர் பெயரில் இல்லாமல், இடைநின்ற அமைப்பின் பெயரில் இருந்தன. 2000-ஆம் ஆண்டில்தான் உடன்பாடு பிறந்தது. அதன் பின்னரே அவை படிப்படியாக விடுபட்டன. மலிவாக வாங்கினோமா என்று கேட்பவர், யார் பெயரில் வாங்கினோம் என்றும் கேட்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி கற்பிக்கிறது.

அதே 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் தன் நிலைத்த தரகை ஒழித்தது. மலேசியா 2001 ஜூலையில் நூற்றுக்கு 0.7 என்னும் மேல்வரம்பை மட்டும் வைத்து, அதற்குட்பட்ட தரகைத் தரகரும் வாடிக்கையாளரும் பேசித் தீர்க்க விட்டது. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் சார்லஸ் ஷுவாப் நிறுவனம் அந்நாட்டுப் பங்குகளுக்குத் தரகே இல்லை என்று அறிவித்தது. 1792-இல் தொடங்கிய தரகு, அட்டவணையில் சுழியமாயிற்று. சுழியம் கண்டு மயங்கலாகாது. தரகர்க்கும் அடுப்பு எரிய வேண்டும். ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயில் திறக்கிறது.

அவ்வாயில்களை இனி ஒவ்வொன்றாய்க் காண்போம். முதலாவது, குறைந்தபட்சக் கட்டணம். நூற்றுக்கு 0.7-க்கு உட்பட்டதே எனினும், ஒரு முறை வாங்கக் குறைந்தது 40 வெள்ளி என்று ஒரு தரகர் விதித்தால், மாதம் 500 வெள்ளிக்கு வாங்குவோர் நூற்றுக்கு 8 கொடுக்கிறார். தலைக்காசு நான்கு என்று முன்னர் கண்டோம். இஃது அதனினும் இரட்டை. அவரே மூன்று மாதத் தொகையைச் சேர்த்து 1,500 வெள்ளிக்கு வாங்கினால் நூற்றுக்கு 2.67, ஆண்டுக்கொரு முறை 6,000 வெள்ளிக்கு வாங்கினால் 0.67. சேர்த்து வைத்து வாங்கும் பழக்கம் ஒன்றே எட்டை ஒன்றுக்குள் அடக்கிவிடுகிறது. காத்திருக்கும் காசு இடைக்கால வளர்ச்சியை இழக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, நாணய மாற்று. தரகு சுழியம் என்னும் நிலையம், வெள்ளியை டாலராக்கும்போது நூற்றுக்கு 1 எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு அது 60 வெள்ளி. வேறொரு நிலையம் ஆண்டுக்கொரு முறை 40 வெள்ளி தரகு கேட்டு, நாணய மாற்றில் 0.3 மட்டும் எடுப்பின், 40-உம் 18-உம் ஆக 58 வெள்ளி. இலவசம் என்ற கடையில் 60. விலை சொன்ன கடையில் 58! ஜொகூர் மக்கள் இங்கே மற்றொன்றையும் காண வேண்டும். கூலியைச் சிங்கப்பூர் நாணயத்தில் பெறுவோர், அதனை மலேசிய வெள்ளியாக்கிப் பின்னர் டாலராக்கினால் இருமுறை மாற்றுக் கழிவு கொடுக்கின்றனர். சேமிக்கும் பகுதியை நேரே மாற்றினால் ஒரு கழிவு மிஞ்சும்.

மூன்றாவது, வரி. அமெரிக்கக் கம்பெனிகள் தரும் ஈவில், மலேசியர்க்கும் சிங்கப்பூரியர்க்கும் உரியதில் நூற்றுக்கு 30 அமெரிக்க அரசால் முன்னரே பிடிக்கப்படுகிறது. அவ்வரியைக் குறைக்கும் உடன்படிக்கை இவ்விரு நாடுகளுக்கும் அமெரிக்காவோடு இல்லை. அயர்லாந்துக்கு உண்டு. ஆதலின் அயர்லாந்தில் பதிவாகி லண்டன் சந்தையில் விற்கும் குறியீட்டு நிதியிடம் பிடிக்கப்படுவது 15. ஈவு ஆண்டுக்கு நூற்றுக்கு 2 எனின், முன்னதில் 0.6 போகும், பின்னதில் 0.3. மேலும், அமெரிக்காவில் பதிவான நிதியை வைத்திருந்த அயல்நாட்டார் இறந்தால், அந்நாட்டில் அவர்க்குள்ள சொத்தில் 60,000 டாலருக்கு மேற்பட்டது மரணத் தீர்வைக்கு உட்படும். அதன் உச்ச விகிதம் நூற்றுக்கு 40. கணவன் சேர்த்ததைக் கைம்பெண் பெறும் நாளில் இத்தீர்வை வந்து நிற்பதை எந்தத் தரகு அட்டவணையும் முதற்பக்கத்தில் அச்சிடுவதில்லை.

நான்காவது, எல்லாவற்றினும் பெரிது. நிதியே ஆண்டுதோறும் எடுக்கும் கட்டணம். 10,000 வெள்ளி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் வளர்வதாகக் கொள்வோம். அது கணக்குக்காகக் கொண்ட எண்ணே. சந்தை எவர்க்கும் உறுதி தருவதில்லை. கழிவு ஒன்றுமின்றி 30 ஆண்டில் அது 57,435 வெள்ளி ஆகும். ஆண்டுக் கட்டணம் 0.2 எனின் 54,271. நிதி மேலாளர் தேர்ந்தெடுத்து நடத்தும் யூனிட் டிரஸ்டு நிதிகளிலே வழக்கமாகக் காணும் 1.5 எனின் 37,453. நூற்றுக்கு ஒன்றரை என்னும் சிறு சொல் 19,982 வெள்ளியை விழுங்கிவிடுகிறது. நுழைவுக் கட்டணமாக நூற்றுக்கு 5 முதலிலேயே பிடித்தால் மேலும் 1,873 வெள்ளி குறையும். ஒரு முறை பிடிக்கும் ஐந்து பெரிதாய்த் தோன்றுகிறது; ஆண்டுதோறும் பிடிக்கும் ஒன்றரையோ அதனைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தின்கிறது. கங்காணியின் தலைக்காசு கண்ணுக்குத் தெரிந்தது. அதனை எதிர்க்கவும் முடிந்தது. இத்தலைக்காசு வளர்ச்சிக்குள் மறைந்து நிற்பதால் எதிர்ப்பார் இல்லை.

ஐந்தாவது, முன்னர்க் கண்ட பெயர்க் கேள்வி. கோலாலம்பூர்ச் சந்தைப் பங்குகளை நம் பெயரிலேயே மத்தியப் பதிவில் வைத்திருக்கலாம். அயல்நாட்டு நிதிகளோ பெரும்பாலும் தரகர் அமர்த்திய காப்பாளர் பெயரில் இருக்கும். அத்தரகர் எந்நாட்டு அரசின் உரிமம் பெற்றவர், வாடிக்கையாளர் சொத்தைத் தம் சொத்தினின்றும் பிரித்து வைக்கிறாரா, வேறு தரகரிடம் மாற்றிக்கொள்ள விரும்பினால் என்ன கட்டணம் என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வளவும் கேட்ட மாசாய் இளைஞர், "அங்ஙனமாயின் மூவருள் யார் மலிவு?" என்று மீண்டும் வினவினார். நாம் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஆண்டு முழுமைக்கும் தரகு எத்தனை வெள்ளி, நாணய மாற்று எத்தனை, வரி எத்தனை, நிதியின் கட்டணம் எத்தனை என்று மூன்று பத்திகளாக எழுதிக் கூட்டச் சொன்னோம். விகிதத்தில் எழுதாமல் வெள்ளியில் எழுதச் சொன்னோம். எழுதி முடித்தபோது, தரகு சுழியம் என்றிருந்த அட்டவணை முதலிடத்தில் நிற்கவில்லை. மூவருக்கும் இடையே இருந்த வேறுபாடும், நிதிக்கும் நிதிக்கும் இடையே இருந்த வேறுபாட்டினும் சிறிதாயிருந்தது. தரகரைத் தேர்வதற்கு அவர் ஒரு மாதம் செலவிட்டிருந்தார். நிதியைத் தேர்வதற்கு ஒரு மாலை.

தரகரை நாம் பகைக்கவில்லை. வேலை செய்தவர்க்குக் கூலி உண்டு. எவ்வளவு கூலி, எதற்குக் கூலி என்று கேட்கும் உரிமை கொடுப்பவர்க்கும் உண்டு. நம் பாட்டன்மார்க்கு அக்கணக்கு மறைக்கப்பட்டிருந்தது. படிக்கும் வாய்ப்பும் அவர்க்கு இல்லை. நமக்கோ கணக்குச் சட்டப்படி அச்சில் வருகிறது, படிக்கவும் தெரியும். படியாதிருப்பின் குறை எவருடையது? இளைஞர்களே! கையெழுத்திடுமுன் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். வெள்ளியாக மாற்றிப் பாருங்கள். முப்பது ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். பால்வெட்டியவர் பத்துப் பத்தாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய சமூகம் நம்முடையது. அவர்தம் பேரர் சேர்ப்பது அவர்தம் வீட்டுக்கே வந்து சேர்வதாகுக.